வீட்டில் வீணைப் பதிவு: கார்வையில் கேட்கும் இரைச்சலை என்ன செய்வது?

நங்கைவீணை எழுதியது:

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாடு போய்விட்ட மாணவிகள் சிலர், ராக ஆலாபனைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்து அனுப்பச் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டுப் பழகுவதற்கு. என் குருவிடம் வாங்கிய பிடிகளை நல்லபடியாகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் ரொம்ப நாளாக உண்டு. அதனால் கைபேசியோடு நிறுத்தாமல் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், அதில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ஹாலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்கிறேன். மைக் எனக்கு எதிரே நாலடி தள்ளி, முகத்தின் உயரத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது.

வேகமாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆலாபனையில்தான் பிரச்சினை. ஒரு மீட்டு போட்டுத் தந்தியை இழுத்து நாலைந்து ஸ்வரம் பேசவைக்கிறோம் இல்லையா, அந்தக் கார்வை, அதாவது நீளும் நாதம், மெலிந்துகொண்டே போகப் போக, அடியிலிருந்து "உஸ்ஸ்" என்று ஒரு இரைச்சலும் "ங்ங்" என்று ஒரு ரீங்காரமும் மேலே வந்துவிடுகின்றன. ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் போகிறது, ஆனால் வீணை தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தில் கடைசி அசைவு காணாமலே போய்விட்டது. அது போனால் மாணவிக்கு அனுப்பி என்ன பயன்?

விமானச் சத்தம், தண்ணீர் மோட்டார், காக்கை எல்லாம் தனிக்கதை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்கிறேன். சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார் எதிர்வீட்டுக்காரர். மைக்கை மாற்று என்கிறான் என் மகன். எதில் ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.


லூப்_தம்பி எழுதியது:

அக்கா, இப்போது ஏஐ டூல் நிறைய வந்துவிட்டது. ஃபைலை ஏற்றினால் ஒரு நிமிஷத்தில் சுத்தம் செய்து கொடுத்துவிடும். நான் என் யூட்யூப் பேச்சு வீடியோ எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன், பக்கத்தில் கட்டட வேலை நடந்தால்கூடத் தெரியாது. அப்புறம், கண்டென்சர் மைக் வீட்டுக்கு ஒத்து வராது, ஊர்ச் சத்தத்தை எல்லாம் இழுக்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் ஒன்று வாங்கிவிடுங்கள்.


மேளக்கட்டு எழுதியது:

வணக்கம் அம்மா. தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அத்தை வீணை வாசிப்பார்கள். அவர்கள் வாசிப்பைப் பல வருஷமாக வீட்டிலேயே பதிந்து வருகிறேன். நீங்கள் சொன்ன தோடி காந்தார விஷயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் தம்பிக்கு ஒரு வார்த்தை. பேச்சைச் சுத்தம் செய்யும் அந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மனிதக் குரலின் அடையாளங்களைத் தேடி அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. மெலிந்துகொண்டே போகும் வீணைத் தந்தியின் நாதம் அவற்றின் கணக்கில் "மற்றது". நாலு பிடி வாசித்து ஏற்றிப் பாருங்கள், மீட்டு மட்டும் டக் டக்கென்று இருக்கும், நடுவில் இருந்ததெல்லாம் அரித்துப் போயிருக்கும். வீணையில் சங்கீதமே அந்த நடுவில்தான் இருக்கிறது.

மைக்கையும் மாற்ற வேண்டாம். ஏடி2020-ன் சொந்த இரைச்சல் 20 டெசிபல். ரோட் என்டி1 என்ற மைக்கில் அது 4.5 டெசிபல்தான், அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் நகரத்தில் ஓர் அமைதியான படுக்கையறையே இரவில் 30 டெசிபல் பக்கம் இருக்கும். அறை இரைச்சல் மைக்கின் இரைச்சலை மூடிக்கொண்டிருக்கும்வரை புது மைக் வாங்கி லாபமில்லை. டைனமிக் வாங்கினால் இன்னும் சிக்கல். ஒரே அளவு ஒலிக்கு எஸ்எம்58 சுமார் 1.85 மில்லிவோல்ட் கொடுத்தால் ஏடி2020 சுமார் 14 கொடுக்கிறது. வீணை மாதிரி மென்மையான வாத்தியத்துக்கு டைனமிக்கை வைத்தால் இன்டர்ஃபேஸில் கெயினை (மைக்கின் ஒலியை ஏற்றும் குமிழை) கடைசிவரை திருக வேண்டிவரும், அப்போது அதனுள் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பின் இரைச்சல் புதிதாக வந்து சேரும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைக் குறைவாக எடுக்கிறது என்று தோன்றுவதற்குக் காரணம், அதைப் பாடகர்கள் வாயோடு ஒட்டிப் பிடிப்பதுதான். தூரம்தான் விஷயம், மைக்கின் ஜாதி இல்லை.

உங்கள் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியதும் அந்தத் தூரமே. நாலடி மிக அதிகம். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் இடையிலான தூரம் பாதியானால் வாத்தியத்தின் நேரடி ஒலி 6 டெசிபல் ஏறும். நாலடியை ஓரடி ஆக்கினால் 12 டெசிபல். அந்த அளவுக்குக் கெயினைக் குறைத்துக்கொள்ளலாம், அறை இரைச்சலும் அதோடு 12 டெசிபல் இறங்கும். எந்த மென்பொருளும் நாதத்தைத் தொடாமல் இவ்வளவு குறைத்துத் தராது. தூரத்தை மாற்றாமல் கெயினை மட்டும் இறக்கினால் இரைச்சல் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் வீணையும் கூடவே இறங்கியிருக்கும், பிறகு இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுவீர்கள். ஒரு பலனும் இல்லை.

எங்கே வைப்பது? முகத்தின் உயரம் வேண்டாம், ஒலி அங்கிருந்து வரவில்லை. குடத்தின் மேற்பலகையும் குதிரையும்தான் பேசுகின்றன. குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பார்த்து, குடத்திலிருந்து ஓரடி தள்ளி, பலகைக்குக் கொஞ்சம் மேலிருந்து சாய்வாக வையுங்கள். நேரே மீட்டும் விரலைப் பார்த்து வைத்தால் நகம் அல்லது விரலில் மாட்டும் கம்பி படும் சத்தம் தூக்கலாக இருக்கும். தண்டிப் பக்கம் நகர்த்தினால் இடதுகை விரல் மெட்டுகளில் உரசும் கீச்சொலி வரும், அதற்கு விரலில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டால் நன்றாகவே குறையும். அரை அடி இப்படி அப்படி நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரே பிடியை வாசித்து ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு மாலை செலவானாலும் செலவழியுங்கள்.

அடுத்து நீங்கள் உட்காரும் திசை. ஏடி2020 கார்டியாய்ட் வகை, முதுகுப் பக்கம் வரும் சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேட்கும். இப்போது நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதால் மைக்கின் முகம் உங்களையும் பார்க்கிறது, உங்களுக்குப் பின்னால் உள்ள ஜன்னலையும் பார்க்கிறது. திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். அப்போது மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் போய்விடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் சத்தத்தை உறிஞ்சும் ஏதாவது இருக்கட்டும். படுக்கையறைக்கு மாறிவிட்டால் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைக்கலாம். தரை மொசைக்கோ டைல்ஸோ எதுவானாலும் கனமான ஜமக்காளத்தை மடித்துப் போட்டு அதன்மேல் வீணையை வைத்துக்கொள்ளுங்கள். மைக் ஸ்டாண்டின் காலுக்கும் தனியாக ஒரு மடிப்பு வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் காலால் தாளம் போடுவதும் பக்கத்து அறையில் நடப்பவர் காலடியும் தரை வழியாகவே மைக்குக்கு வந்துவிடும்.

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கக் கனம் வேண்டும், காற்று புகும் இடைவெளியை அடைக்க வேண்டும். முட்டை அட்டையில் கனமும் இல்லை, அடைப்பும் இல்லை. மேல்ஸ்தாயி எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். மெல்லிய ஃபோமும் அப்படியே. அந்தக் காசுக்கு ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள், கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் இடுக்கு வழியாக எவ்வளவு சத்தம் வருகிறது என்பது அதை அடைத்த பிறகுதான் தெரியும்.

பிறகு வீட்டுக்குள் இருக்கும் சின்னச் சத்தங்கள். ஒரு நாள் வீணையைத் தொடாமல், மைக்கை அதே இடத்தில் வைத்து, அரை மணி நேரம் வெறும் அறையைப் பதியுங்கள். ஹெட்ஃபோனில் சத்தத்தை ஏற்றிக் கேட்டால் வீடு எவ்வளவு பேசுகிறது என்று தெரிந்துவிடும். சுவர்க் கடிகார முள், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், லேப்டாப் விசிறி, டியூப் லைட் சோக். ஃப்ரிட்ஜை அரை மணி நேரம் அணைத்து வைத்தால் ஒன்றும் கெடாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். மறுபடி போட மறக்காமலிருக்கக் கைபேசியில் அலாரம் வைத்துக் கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள்.

இவற்றைவிட ஏமாற்றுகிறவை வீணைக்குப் பதில் சொல்லும் சாமான்கள். அத்தை வாசிக்கும் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. மந்தர ஸ்தாயியில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் விழும்போது மட்டும் அதன் கைப்பிடி "ஜிர்ர்" என்று அதிரும். மற்ற ஸ்வரத்துக்கு வாயே திறக்காது. வீணையில்தான் மெட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்து மெட்டுகளைச் சரிசெய்யும் மேளக்கட்டுக்காரரையே கூப்பிடப் போனோம். கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றியதும் நின்றுவிட்டது. அதனால் ஒருமுறை எல்லாவற்றிலும் கீழான அனுமந்தரத் தந்தியிலிருந்து மேலே ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்தி மீட்டிக்கொண்டே அறையில் எது கூடவே பாடுகிறது என்று கேளுங்கள். எவர்சில்வர் டம்ளர், ஷோகேஸ் கண்ணாடி, படச் சட்டம், எதுவாகவும் இருக்கலாம். கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். பட்டுப் புடவை வேண்டாம், பழகிய நூல் புடவைதான் பதிவுக்கு உகந்தது. ஓரடி தூரத்தில் பட்டின் சரசரப்பு ஆலாபனை நடுவே அப்படியே கேட்கும்.

விமானமும் காக்கையும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். உங்கள் தெரு எப்போது அடங்குகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். விமானம் வந்தால் அந்தப் பிடியை நிறுத்தி, அது போனதும் அதே பிடியை முதலிலிருந்து வாசியுங்கள். பதிவை நிறுத்தாதீர்கள், ஓடட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ஆலாபனை என்பதால் வெட்டி ஒட்டுவது எளிது, பிடிக்கும் பிடிக்கும் நடுவே மூச்சு விடும் இடம் இருக்கிறது. கீர்த்தனை என்றால் ஹெட்ஃபோனில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு வாசித்தால் சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் இடத்தில்) வெட்டி அடுத்த ஆவர்த்தனத்தோடு இணைக்கலாம்.

இன்னொன்று சொல்கிறேன், இது எங்கள் வீட்டில் ரொம்ப உதவிய வழி. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சார வாரியம் பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்த நாளை விட்டுவிடாதீர்கள். தெருவில் மோட்டார் இல்லை, மிக்ஸி இல்லை, ஏசி இல்லை. லேப்டாப்பில் முழு சார்ஜ் வைத்துக்கொண்டு வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் பதிந்தால் அப்படி ஒரு துப்புரவான ஒலி கிடைக்கும். உங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் இது பலிக்காது.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் ஆடாசிட்டி. மிஞ்சும் "உஸ்ஸ்" சீரானது, அதனால் குறைக்கலாம். ஹாரன், குக்கர் விசில், காக்கை மாதிரி வந்து போகும் சத்தங்களுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் பயன்படாது. வாசிக்க ஆரம்பிக்கும் முன், வீணையை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு தந்திகளையும் உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பிடித்தபடி பத்துப் பதினைந்து விநாடி சும்மா இருங்கள். அந்த மௌனம்தான் நாய்ஸ் ப்ரொஃபைல், எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரி. தந்தியை அமுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் யாராவது பேசினால்கூடத் தாளத் தந்திகள் மெல்லியதாக ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஷட்ஜ பஞ்சமம் ப்ரொஃபைலில் ஏறிவிட்டால் மென்பொருள் அதையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு உங்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தின்னும். தம்புரா ஓடும்போது எடுத்த ப்ரொஃபைலும் இதையேதான் செய்யும்.

குறைக்கும் அளவை 6 டெசிபலில் வையுங்கள், சென்சிடிவிட்டி 3 போதும், ஸ்மூத்திங் 6. செயல்படுத்துவதற்கு முன் "ரெஸிட்யூ" என்ற தேர்வு இருக்கும், அதைத் தேர்ந்து ப்ரிவ்யூ கேட்டால் எதை எடுத்து எறியப்போகிறது என்பது மட்டும் கேட்கும். அதில் வெறும் காற்று மாதிரி சத்தம் வந்தால் சரி. தோடி காந்தாரத்தின் நிழல் கொஞ்சம் கேட்டாலும் அந்த 6 டெசிபலை இன்னும் குறைக்க வேண்டும். நாய்ஸ் கேட் போடவே கூடாது, கார்வை மெலிந்ததும் கதவை அடைத்த மாதிரி நின்றுவிடும்.

கடைசியாக, கீழ்ஸ்தாயி வெட்டு. கிதார்காரர்கள் எல்லோரும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்வார்கள். 3 கட்டை சுருதி வைத்த வீணையில் முதல் தந்தியான சாரணி 165 ஹெர்ட்ஸ் பக்கம், மந்தரம் 82, அனுமந்தரத்தின் பஞ்சமம் 62. எண்பதில் வெட்டினால் அனுமந்தரத்தின் அடி போய்விடும், மந்தரமும் மெலியும். நாற்பதில் வெட்டுங்கள். லாரி, விமானம் இவற்றின் உருமலில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.


ஃபேஸ்_நியூட்ரல் எழுதியது:

வணக்கம்ங்க. கோயமுத்தூர், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்கிறேன். இசை எனக்குத் தெரியாது, அந்த "ங்ங்" பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அது காற்று வழியாக வருகிறதா, ஒயர் வழியாக வருகிறதா என்று பாருங்க. மைக்கை ரெண்டு மூணு கெட்டிப் போர்வையில் நன்றாகச் சுற்றிவிட்டுப் பதியுங்க. ரீங்காரம் குறைந்தால் அறைக்குள் ஏதோ பாடுகிறது. அப்படியே இருந்தால் மின்சாரம்தான்.

மின்சாரம் என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஃபேன் ரெகுலேட்டர். சுற்றிக்கொண்டே போகும் குமிழ் மாதிரி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் ட்ரையாக் வைத்து மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அந்த வெட்டு ஃபேனையும் முனக வைக்கும், பக்கத்தில் உள்ள ஒயரிலும் ஏறும். உங்க அறை ஃபேனை நிறுத்தியிருந்தாலும் அடுத்த அறையில் மெதுவாக ஓடும் ஃபேன் இதைச் செய்யும். முழு வேகத்தில் வைத்தால் வெட்டு இருக்காது, அல்லது கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றிவிடுங்க, செலவு அதிகம் ஆகாது. சதுர அலை இன்வெர்ட்டரில் பதிய வேண்டாம், மேளக்கட்டு ஐயா சொன்ன மாதிரி அணைத்துவிடுவதே நல்லது. மைக் ஒயரையும் சார்ஜர் ஒயரையும் சேர்த்துச் சுருட்டி வைக்காதீங்க. ஒன்றைத் தாண்டி ஒன்று போக வேண்டியிருந்தால் குறுக்காகப் போகட்டும்.

இன்டர்ஃபேஸின் உலோக உடம்பைத் தொட்டால் ரீங்காரம் மாறுகிறது என்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்க. ரீங்காரம் போக வேண்டும் என்று மூணு பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீங்க, உயிருக்கு ஆபத்து.

பதிந்துவிட்ட பழைய ஃபைலில் ரீங்காரம் இருந்தால், நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50, 100, 150 ஹெர்ட்ஸில் மெல்லிய நாட்ச் (அந்த இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போடலாம். ஐயா கொடுத்த கணக்கைப் பார்த்து ஒன்று தோன்றியது: 2.5 கட்டை சுருதி என்றால் ஷட்ஜம் 155.6 ஹெர்ட்ஸ், நாட்ச் 150-ல். கொஞ்சம் அகலமாகப் போட்டால் ஷட்ஜமே அடிபடும். வெட்டு எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்லும் கியூ மதிப்பை 30-க்கு மேல் வைத்து ரொம்பக் குறுகலாகப் போடுங்க.


பனிக்கால_ஸ்ருதி எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். என் மனைவி வீணை வாசிப்பவ, நாங்கள் பேஸ்மென்ற்றில் பதிகிறோம். குளிர்காலத்தில் ஃபர்னஸ் சத்தம்தான் எங்களுக்கு விமானம் மாதிரி. பதிவுக்கு முன்னம் வீட்டை நல்லாச் சூடாக்கிப் போட்டு, பிறகு தெர்மோஸ்டாற்றைக் குறைத்துவிட்டால் அரை மணித்தியாலம் ஃபர்னஸ் இயங்காது. ஒன்று கவனியுங்கோ, இங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ். உங்கட மாணவிகள் கனடாவில், அமெரிக்காவில் இருந்து தங்கட பதிவை அனுப்பினால் ரீங்காரம் 60, 120, 180-ல் இருக்கும். மேலே சொன்ன 50, 100 கணக்கை அவைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அக்கா, நீங்கள் ஸூமில் வகுப்பு எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்" என்ற தேர்வைப் போடச் சொல்லுங்கோ. போடாவிட்டால் ஸூம் கார்வையை இரைச்சல் என்று நினைத்து அமத்திவிடும். பிள்ளை சரியாக வாசித்தும் ஸ்வரம் விடுபட்ட மாதிரிக் கேட்கும். எங்கட மகளுக்கு ஒரு வருஷம் அப்படித்தான் போனது.


நங்கைவீணை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி உட்கார்ந்து எழுதிக் கொடுப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

படுக்கையறைக்கு மாறிவிட்டேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மெத்தையை முதுகுப் பக்கம் சாய்த்து, மைக்கை ஓரடிக்குக் கொண்டுவந்தேன். முதல் பதிவிலேயே வித்தியாசம் தெரிந்தது. அனுமந்தரம் இவ்வளவு நிறைவாக ஒலிக்கும் என்று என் வீணையைப் பற்றி எனக்கே தெரியாது. ரீங்காரத்துக்குப் போர்வைச் சோதனை செய்தேன், குறையவில்லை. சார்ஜரை எடுத்தும் போகவில்லை. மாமியார் அறையில் மெதுவாக ஓடும் ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் போய்விட்டது! கோவை சாருக்கு ஒரு பெரிய கும்பிடு. கீழ்ஸ்தாயி ஸ்வரங்களுக்குக் கிண்ணென்று பதில் சொன்னது பூஜை மணி. அதை எடுத்து வேறு அறையில் வைத்தாயிற்று.

நாய்ஸ் ரிடக்‌ஷன் நீங்கள் சொன்ன 6-ல் வைத்தேன். ரெஸிட்யூவில் காற்றுதான் கேட்கிறது, காந்தாரம் இல்லை. இன்னும் மெல்லிய "உஸ்ஸ்" கொஞ்சம் இருக்கிறது. அதைத் துடைக்க அளவை ஏற்றலாமா, விட்டுவிடலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். தம்புரா இல்லாமல் ஆலாபனையை அனுப்ப மனம் வரவில்லை. மின் தம்புராவைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாமா? கச்சேரிக்காக வாங்கிய ஒட்டு பிக்கப் ஒன்று இருக்கிறது. அதில் வெளிச்சத்தமே வராதே, அதை மட்டும் வைத்துப் பதிந்தால் என்ன?


மேளக்கட்டு எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அம்மா. அனுமந்தரம் பற்றி நீங்கள் எழுதியதை அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

மிச்சமிருக்கும் "உஸ்ஸ்"ஸை விட்டுவிடுங்கள். தம்புரா வந்ததும் அது கேட்காது. மெல்லிய இரைச்சல் இருக்கும் இடத்தைத் தம்புராவின் நாதம் நிரப்பிக்கொள்ளும், காது அதோடு சமாதானமாகிவிடும். மின் தம்புராவைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அதன் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, ஒரு பிடியை வெட்டி ஒட்டினால் தம்புரா துள்ளும். கைபேசித் தம்புராவை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். காதை மூடும் வகை ஹெட்ஃபோனாக இருக்கட்டும், சத்தம் குறைவாக இருக்கட்டும். தம்புராவைத் தனி ட்ராக்கில் பதிந்து பிறகு சேருங்கள்.

வரிசை முக்கியம். முதலில் வீணை ட்ராக்கில் மட்டும் இரைச்சலைக் குறைத்து, வெட்டு ஒட்டு எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில்தான் தம்புரா. சேர்த்த பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தொடாதீர்கள். விடாமல் சீராக ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றுதான் எண்ணும். தம்புராவை எவ்வளவு வைப்பது என்றால், கார்வை முழுக்க அடங்கும் இடத்தில் தம்புரா தெரிய வேண்டும், அடுத்த மீட்டு விழுந்ததும் மறக்க வேண்டும்.

பிக்கப் வெளிச்சத்தத்தை எடுக்காது என்பது உண்மை. ஆனால் அது பலகையின் அதிர்வை மட்டும் கேட்கிறது, குடத்துக்குள் சுழன்று வரும் காற்றை அதற்குத் தெரியாது. தனியாகக் கேட்டால் வீணை மெலிந்து தகரம் மாதிரி இருக்கும். விமானம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மைக்கோடு கொஞ்சம் கலந்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்" என்ற பொத்தானைப் போட்டு அந்த உள்ளீட்டில் சொருகுங்கள். ஒட்டு பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் உள்ளீடு வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் அடி ஒலி போய் இரைச்சல்தான் மிஞ்சும்.

பதியும்போது 24 பிட்டில், மிக உரத்த மீட்டு மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி வையுங்கள். சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பிறகு சத்தமாகத் தெரிய வேண்டும் என்று கம்ப்ரஸரை இறுக்காதீர்கள். அது உரத்ததை அமுக்கி மெல்லியதை ஏற்றும், அப்போது இத்தனை பாடுபட்டு இறக்கிய இரைச்சலும் கார்வையோடு சேர்ந்து ஏறிவிடும். மொத்தமாக ஒலியளவை ஏற்றினாலே போதும். மாணவிகள் ஹெட்ஃபோனில்தான் கேட்கப்போகிறார்கள்.

அனுப்பும்போது வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலாக ஏற்றுமதி செய்து, "டாகுமென்ட்" என்ற வழியில் அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். சுத்தம் செய்யாத மூலப் பதிவையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள், ராகப் பெயரும் தேதியும் சுருதியும் போட்டு. இன்னும் சில வருஷத்தில் வாத்தியத்துக்கென்றே நல்ல கருவிகள் வரும், அப்போது மூலத்திலிருந்து மறுபடி செய்யலாம்.